தனிக்குடித்தனம் போன வெப்சைட்

நான் பத்தாவது ஃபெயில். கணக்கிலும் இங்கிலீஷிலும். மற்ற பாடங்களில் பாஸானதால் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை.

அவனியாபுரம் பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். சீரியல் லைட், மைக், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு, தினமும் சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்களில், முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஆபீஸ் ரூமில் வைத்தார். அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. கம்ப்யூட்டரும் கரண்டில்தான் ஓடுகிறது. ஆகவே நான்.

முதலாளியின் மருமகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். தீபாவளிக்கு வந்தவர், மழையில் வெளியே போக முடியாமல், மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் எழுதிவிட்டார். பைத்தான் என்ற மொழியில். மாமனார் கேட்டது ஒரு நல்ல போட்டோவும் போன் நம்பரும்தான். மருமகன் முன்பதிவு, காலண்டர், சிவப்பு, பச்சை எல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். போகும்போது, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றார். எதை என்று சொல்லவில்லை.

வேலை சுலபம். முகூர்த்த நாளையும் நேரத்தையும் அடிக்க வேண்டும். பதிவான நாள் சிவப்பாகும். காலி நாள் பச்சையாகவே இருக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு நேரம் காட்டும். அதில்தான் விசேஷம். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி முகூர்த்தம் என்று அடித்தால், வியாழன் மாலை ஆறரை என்று காட்டும். வியாழன்தான் சிவப்பாகும்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மண்டபத்தை முதல் நாள் சாயங்காலமே திறந்துவிட வேண்டும். ஆறரைக்கு வரவேற்பு. மைக் செட், பந்தி, போட்டோ. விடிகாலையில் தாலி. மதியச் சாப்பாடு முடிந்ததும் பூட்டு. முகூர்த்தத்தை அடித்தால் வரவேற்பு நேரத்தை மிஷினே சொல்கிறது. முதலாளி அசந்துபோனார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் வழக்கம் வரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறார் பார் என்று, தண்ணீர் கேன் போட வந்தவரைக் கூட நிறுத்திக் காட்டினார். ஒன்பது மணி முகூர்த்தம் அடித்தால் முதல் நாள் இரவு பத்தரை என்று காட்டும். அது மாப்பிள்ளை அழைப்பு நேரம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மருமகனிடம் யாரும் கேட்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி அடியில் குனிந்து பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

டைரியில் எழுதும் வேலையை முதலாளி அன்றோடு நிறுத்திவிட்டார். அதான் சிவப்பாகிறதே.

அந்த சமயத்தில் என் அக்கா மகளுக்கு வரன் முடிந்தது. நான் தாய்மாமன். தாம்பூலம் மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் எது என்று கேட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மண்டபம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நான் சபையில் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசிய ஒன்றும் இப்படி ஆகிவிட்டது. முதலாளியும், உன் அக்கா மகளுக்கு இல்லாத மண்டபமா, நாளைப் பிடித்து வை என்றார். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி என்று அடித்தேன். வியாழன் சிவப்பானது. மாலை ஆறரை. தாய்மாமன் கடமை முடிந்தது என்று ஸ்டூலில் ஏறி டியூப்லைட் மாற்றப் போனேன்.

கொஞ்ச நாளில் வெப்சைட் செத்தது.

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. சர்வர் எரர். வேறு விளக்கம் இல்லை. முதலாளி கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். மாட்டினேன். அப்போதும் அதேதான். அக்கா மகள் கல்யாணமும் அதற்குள் இருந்தது.

எங்கள் வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்தவர் கே.கே. நகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சவுராஷ்டிரக் குடும்பம். அவர் வீட்டில் எல்லாரும் நெசவு, ஜவுளி என்று இருக்க, இவர் மட்டும் கேபிளில் விழுந்துவிட்டார். என்னை அவர் அண்ணே என்பார். அவரை நான் அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இதுவரை விசாரிக்கவில்லை. சர்வரில் கோளாறு வந்தால் மனைவியிடம் அவர்கள் வீட்டு மொழியில் பேசுவார். எனக்குப் புரியாது. பேச்சின் நீளத்தை வைத்துக் கோளாறின் அளவைத் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினார்.

பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். அமெரிக்காவில் ஒரு கம்பெனியிடம் ஒரே ஒரு இடம் வாங்கி, அதிலேயே எங்கள் மண்டபம், ஒரு டிராவல்ஸ், ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம், ஒரு அடுப்புக் கடை எல்லாவற்றையும் குடிவைத்திருந்தார். காம்பவுண்டு வீடு மாதிரி. ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஆளுக்கொரு ரூம். பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒன்றே. அதை மட்டும் ரகசியமாகக் காதில் சொல்வார்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் அட்மிஷனுக்கு என்னவோ புதிதாக வேண்டும் என்று, பொதுவில் இருந்த பைத்தான் சாமான்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துவிட்டார்கள். அவர்கள் சைட் ஜோராக ஓடியது. எங்களுடையது பழைய சாமானைத் தேடிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. பழசைத் திரும்ப வைத்தால் பள்ளிக்கூடம் படுக்கும். அங்கே அட்மிஷன் நேரம். பெற்றோர்கள் வாசலில் நிற்கிறார்கள். என் அக்கா மகளைப் பற்றி அவர்களுக்கு என்ன.

"ஒரே அடுப்புல நாலு குடும்பம் பொங்குதுண்ணே. எவன் உப்ப மாத்துனான்னு கேட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான். நீங்க தனியாப் போயிருங்க" என்றார்.

"வேற வீடு பாக்கணுமா?"

"வீடு இதேதான். அடுப்பு மட்டும் தனி."

அதற்கு வர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர் சொன்னார். நம் ரூமுக்குள்ளேயே நமக்கென்று ஒரு பைத்தான், நமக்கென்று ஒரு அலமாரி, நமக்கென்று சாமான். பொதுவில் எவன் எதை மாற்றினாலும் நம் சோற்றில் மண் விழாது. மருமகனுக்குப் போன் போட்டோம். ஆமாம் அண்ணே, முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்றார். மழை விட்டுவிட்டதால் அப்போது செய்யவில்லை போலிருக்கிறது.

முதலாளிக்கு நான் சொன்னதில் ஒன்று மட்டும் புரிந்தது. புதுக்குடித்தனம். உடனே பஞ்சாங்கத்தை எடுத்தார். சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே இப்போது நடுராத்திரி என்று பிரவுசிங் சென்டர் அண்ணன் போனில் எடுத்துச் சொன்னார். குடி போவது நாம்தானே, வீட்டுக்காரனுக்கு என்ன நேரமாக இருந்தால் என்ன என்றார் முதலாளி. புதன்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் ஆரம்பிக்க முடிவானது. புது வீட்டுக்குள் முதலில் மஞ்சள்தான் போக வேண்டும் என்றார். கம்ப்யூட்டருக்குள் மஞ்சளை எப்படி வைப்பது? ஃபோல்டருக்கு மஞ்சள் என்று பெயர் வைத்தோம். முதலாளிக்குத் திருப்தி. மானிட்டரிலும் ஒரு பொட்டு வைத்தார். அது கடைசி வரை போகவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். மருமகன் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். இடம் விட வேண்டிய இடத்தில் விடாமலும், விடக்கூடாத இடத்தில் விட்டும். அவர் பொறுமைசாலி. மாமனார் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும்.

முதலில் எதை அடித்தாலும் அனுமதி இல்லை என்றே வந்தது. குடியிருப்பவனுக்குச் சுவரில் ஆணி அடிக்க உரிமை இல்லையாம். எல்லாவற்றையும் நம் ரூமுக்குள்ளேயே இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கினோம். மஞ்சள் ஃபோல்டர் பிறந்தது. உள்ளே குட்டிப் பைத்தான், குட்டி அலமாரி. பிறகு அதற்குள் சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது திரையில் எழுத்து ஓடும். பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது மாதிரி இருக்கும். பாதியில் கரண்ட் போகும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் என் ஜெனரேட்டரைப் போட்டேன். கல்யாணமே இல்லாமல் மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியதைப் பார்த்து, யாருக்கு விசேஷம் என்று எதிர் டீக்கடைக்காரர் வந்து கேட்டார்.

கரண்ட் இருந்தும் ஒரு சாமான் ஏறவில்லை. ஓடிக்கொண்டிருந்த எழுத்து சட்டென்று நின்றது. கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. கில்டு.

காம்பவுண்டில் ஒரு குடித்தனக்காரன் தண்ணீரை அதிகமாகப் பிடித்தால் வீட்டுக்காரன் வந்து குழாயை அடைத்துவிடுவான் இல்லையா, அதுதான். மெமரியை அதிகமாகத் தின்றால் அந்தக் கம்பெனி மிஷின் நம் வேலையைக் கொன்றுவிடும். கொன்றதை மறைக்கிற வழக்கமும் அவர்களிடம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலாளிக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. முகம் மாறிவிட்டது.

"தாலி கட்டுற எடத்துல என்னப்பா வார்த்தை இது? அழி மொதல்ல" என்றார்.

அழித்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி கொன்றது. முதலாளி கற்பூரம் எடுக்கப் போனார். அதற்குள் பிரவுசிங் சென்டர் அண்ணன் கே.கே. நகரிலிருந்து வண்டியில் வந்துவிட்டார். மூட்டையைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கடத்துகிற மாதிரி, அந்தச் சாமானைத் தன் மிஷினிலேயே பிரித்துக் கட்டி, அலுங்காமல் கொண்டுபோய் உள்ளே வைத்தார். வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. முதலாளி கற்பூரத்தோடு திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. கற்பூரம்தான் முடித்தது என்று இன்றுவரை நம்புகிறார்.

எல்லாம் ஏறியும் சைட் எழவில்லை. எங்கள் சைட் இன்னமும் பழைய பொது அடுப்புக்கே போய் நின்றுகொண்டிருந்தது. பழக்க தோஷம். ஒரு ஃபைலின் முதல் வரியில், எந்தப் பைத்தானிடம் போக வேண்டும் என்று முகவரி இருக்கிறது. அதில் மஞ்சளின் முகவரியை எழுத வேண்டும் என்றார் மருமகன். எழுதினேன். புதுக்குடித்தனத்துக்கு சுத்தமாக ஒரு செட்டிங்ஸ் ஃபைலும் எழுதி மெயிலில் அனுப்பினார். அதையும் வைத்தேன். ஃபைலைச் சும்மா தொட்டு வையுங்கள், விழித்துக்கொள்ளும் என்றார். அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. தொட்டேன்.

விழித்துக்கொண்டது. மண்டபத்தின் போட்டோ வந்தது. காலண்டர் வந்தது. எல்லாப் பதிவும் இருந்தது. என் அக்கா மகள் கல்யாணத்தைத் தேடினேன். வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி என்று இருந்தது. முகூர்த்தம் ஐந்து மணிதானே. சரி என்று கம்ப்யூட்டரை அணைத்தேன். ஆறரையைக் காணோமே என்று முதலாளிக்கு மட்டும் சின்ன வருத்தம். புது வீட்டில் எல்லாச் சாமானும் உடனே கண்ணில் படாது என்று ஆறுதல் சொன்னேன்.

நாங்கள் எல்லாரும் சிவப்பைத்தான் பார்த்தோம். வியாழன் பச்சையாகிவிட்டதை யாரும் பார்க்கவில்லை. பச்சையை யார் பார்ப்பார்கள்.

கல்யாணம் நெருங்கியது. நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு பத்திரிகை வைக்கப் போய்விட்டேன். முதலாளிக்கும் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்தோம். அவர் மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. எப்படி வைத்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அது எங்கள் முறை.

நான் இல்லாத அந்த நாட்களில் மண்டபத்துக்கு முதல் இன்டர்நெட் பதிவு வந்தது. முகம் பார்க்காத ஒருவர், திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் மண்டபத்தைப் பிடித்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னார். என்றைக்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. முதலாளியும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்லியிருக்கிறார். வியாழன் பச்சை. வெள்ளி சிவப்பு. அவர் பழக்கத்தில் சிவப்பு என்றால் வரவேற்பு நாள். ஆகவே என் அக்கா மகளுக்கு வெள்ளி மாலை வரவேற்பு, சனி விடிய தாலி என்று அவர் கணக்கு. இடிக்கவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது அவனியாபுரம் ரோட்டில், ஒரு ஃப்ளெக்ஸ் போர்டிலிருந்து. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு கைக்குழந்தை சோபாவில் உட்கார்ந்திருந்தது. காதணி விழா. குழந்தையைவிடப் பெரிதாக மீசையோடு தாய்மாமன். பின்னால் இரண்டு புலி. புலிகளுக்குக் கீழே எங்கள் மண்டபத்தின் பெயர். வியாழக்கிழமை. காலை பத்தரை முதல், கிடா விருந்து.

வண்டியை நிறுத்தி ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். புலி மாறவில்லை. கிழமையும் மாறவில்லை.

மருமகனுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பழைய இடத்தில் நேரக் கணக்கு அமெரிக்காவில் இருந்ததாம். அவர் மாற்றாமல் விட்டிருந்தார். நம் காலை ஐந்து, அவர்களுக்கு முதல் நாள் மாலை ஆறரை. அவ்வளவுதான். வரவேற்பும் இல்லை, மாப்பிள்ளை அழைப்பும் இல்லை. புது செட்டிங்ஸில் இந்திய நேரம் போட்டிருந்தார்.

"இப்பத்தாண்ணே கரெக்டா இருக்கு" என்றார்.

தப்பாக இருந்தவரை ஒரு கல்யாணமும் இடிக்கவில்லை. சரியானதும் இடித்துவிட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவார்.

முதலாளியிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தை எடுத்தார். மூடி வைத்தார். வேறு மண்டபம் கிடைக்குமா என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போன் போட்டார். ஆவணி முகூர்த்தம். கோயில் வாசல்கூடக் காலி இல்லை. அந்தக் காதுகுத்துக்காரரிடம் போய்ப் பேசு, இல்லாவிட்டால் உன் அக்காவிடம் பேசு என்றார். அக்காவிடம் பேசுவதைவிட அவர் ஊருக்குப் பஸ் ஏறுவது சுலபமாகப் பட்டது.

ஃப்ளெக்ஸில் போன் நம்பர் இருந்தது. ஆள் திருப்பூரிலிருந்து வந்துவிட்டிருந்தார். சொந்த ஊர் பேரையூர் பக்கம். கரிசல் காட்டு ஓரம் வீடு. வாசலில் கிடாக்கள் கட்டியிருந்தன. என்னை முந்திக்கொண்டு கிடாக்கள் பேசின. ஃப்ளெக்ஸில் இருந்த மீசை நேரில் பாதிதான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"எல்லாஞ் சரி மாப்ள. கிடாயக் கட்டிட்டேன், பத்திரிகையும் வெச்சாச்சு. சபையில மண்டபம் எம்பொறுப்புன்னு சொல்லிட்டு வந்தவன் நான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இல்லைங்கிறது?"

நான் சபையில் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

"நீ யாரு பொண்ணுக்கு?" என்றார்.

"அக்கா மக. நான் தாய்மாமன்."

அவர் கிடாக்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் ஒருவரை ஒருவர் மிரட்டிப் பார்த்திருக்கலாம். தாய்மாமனைத் தாய்மாமன் மிரட்ட முடியாது. உள்ளே என்ன ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டீ வந்தது. குடித்தோம். எனக்குச் சமீபத்தில் கற்ற வித்தை ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"வீடு ஒண்ணுதாண்ணே. அடுப்பத் தனியா வெச்சுக்கலாம்."

அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தாய்மாமன் ஃப்ளெக்ஸ் வாசலில் இருக்குமா, இருக்காதா? இருக்கும் என்றேன். சரி என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கிடா வாசத்துலயா எம்மகளுக்கு மாலை போடச் சொல்ற?" என்றாள். பிறகு கல்யாணம் முடியும்வரை பேசமாட்டேன் என்றாள். எனக்கு அதில் சிரமம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தெரியக்கூடாது என்றாள். ஊரெல்லாம் புலி நிற்கிறது.

மண்டபத்தைப் பிரித்தோம். கறுப்புத் திரையில் கற்ற மாதிரியே. மாடி ஹால் கல்யாணத்துக்கு. கீழே சாப்பாட்டு ஹால் காதுகுத்துக்கு. கல்யாண வீட்டுப் பந்தி மொட்டை மாடியில், சாமியானா போட்டு. சமையல்கட்டு கல்யாணத்துக்கு. பின்னால் காலியிடத்தில் தனியாகக் குழி வெட்டிக் கிடா. நடுவில் தார்ப்பாய். அண்டா, கரண்டி, வாளி எல்லாம் தனித்தனி. கல்யாண வீட்டுச் சாமானில் எல்லாம் மஞ்சள் பொட்டு வைத்தேன். பொட்டு இல்லாதது மாடிக்கு ஏறக்கூடாது. குழாயும் கரண்டும் ஜெனரேட்டரும் மட்டும் பொது. அதற்கு வேறு வழி இல்லை. அமெரிக்காவிலும் இல்லை.

வியாழன் காலை காது குத்தினார்கள். குழந்தை அழுதது. கூலிங் கிளாஸ் போட்டிருந்த வரை அழுதது தெரியவில்லை. கிடா வெந்தது. பந்தி ராத்திரி வரை ஓடியது. காற்று நல்லவேளையாகப் பைபாஸ் பக்கம் அடித்தது. லாரிக்காரர்கள் மெதுவாகப் போனார்கள்.

ஆறரைக்கு மேலே வரவேற்பு. உண்மையாகவே ஆறரைக்கு. இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்தது. இரண்டு இடத்தில் மட்டும் கசிந்தது.

ஒன்று, மைக். இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபயர். லைனைப் பிரித்திருந்தேன். எங்கோ ஒயர் உரசிவிட்டது. சீர் சுமந்து வந்து செல்வத்தைத் தூக்கிவிட்ட தாய்மாமனை மனமார வாழ்த்துகிறோம் என்று கீழே ஒருவர் பேசியது மேலே கேட்டது. மேலே இருந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் ஏணி மேல் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய.

இன்னொன்று, மாப்பிள்ளையின் சித்தப்பா. கைகழுவ இறங்கியவரை ஆளைக் காணோம். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ராத்திரிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பேரையூர்க்காரர் பக்கத்தில் நின்று எலும்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா என்னைப் பார்த்ததும் எழவில்லை. தனியாக ஒரு ரகசியம் சொல்வதுபோல, இதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராக மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கைகழுவ இறங்கினார்கள். மொட்டை மாடியில் சாம்பார் மிஞ்சிவிட்டது. மண்டபம் எப்படி என்று யாரும் ஒரு குறை சொல்லவில்லை. குறை சொன்னால் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும்.

ராத்திரியோடு கீழே கழுவிவிட்டு, பேரையூர்ச் சனம் பாதிப் பேர் அங்கேயே படுத்துவிட்டார்கள். விடிகிற வரை பஸ் இல்லை.

வெள்ளி காலை ஐந்து மணி. கெட்டிமேளம். நான் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தேன். தூக்கம் கலைந்து மேலே ஏறி வந்த பேரையூர்க்காரர், வெள்ளை வேட்டியோடு எனக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போட்டார். சபையில் முன்வரிசையில் நிற்கிற இவர் யார் என்று மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அவுகளும் தாய்மாமன்தான்" என்றாள்.

பொய்யில்லை. யாருக்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. அதற்குள் தாலி ஏறிவிட்டது. அக்கா அதன்பிறகு என்னோடு பேச ஆரம்பித்தாள். முதல் வார்த்தை, மோட்டாரைப் போடு, தண்ணி வரல.

அடுத்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழைய ஆறரையை எனக்குக் கொண்டுவா என்றார். அதுதான் ராசி என்றார். கறுப்புத் திரையைத் திறந்தேன். மஞ்சளுக்குள் போனேன். நேரத்தை மறுபடி அமெரிக்காவுக்கு மாற்றினேன். ஃபைலைத் தொட்டேன். பள்ளிக்கூடம் அசையவில்லை. டிராவல்ஸ் அசையவில்லை. அடுப்புக் கடைக்குத் தெரியவே தெரியாது. தனிக்குடித்தனத்தின் சௌகரியம் அன்றைக்குத்தான் புரிந்தது. நம் தப்பை நாமே வைத்துக்கொள்ளலாம்.

மருமகன் எப்படியோ பார்த்துவிட்டுப் போன் செய்தார். அது தப்பான நேரம் அண்ணே என்றார். ஆமாம் தம்பி என்றேன். மாமனார் பக்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்றைக்கே ஒரு பதிவு வந்தது. காலை ஐந்து மணி முகூர்த்தம். அடித்தேன். முதல் நாள் சிவப்பானது. மாலை ஆறரை என்று வந்தது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.